ஒரு பட்டன்தானே

கோவில்பட்டியில் என் தாய்மாமா சிமெண்ட், கம்பி, பெயிண்ட், குழாய்ச் சாமான்கள் விற்கும் கடை ஒன்றை நடத்தி வருகிறார். அந்தக் கடைக்குப் பில் போடும் மென்பொருளை எழுதிக் கொடுத்தவன் நான். மூன்று ஆண்டுகளாகப் பெரிய தொந்தரவு எதுவும் தராமல் ஓடிக்கொண்டிருந்த அதில் ஒரு குறை மட்டும் இருந்தது. விற்ற சரக்கு திரும்பி வந்தால் அதைப் பதிய இடமில்லை. வீடு கட்டுகிறவர்கள் சிமெண்ட் மூட்டையையும் டைல்ஸ் பெட்டியையும் கணக்குக்குச் சற்றுக் கூடுதலாகவே வாங்குவார்கள். வேலை முடிந்ததும் மிச்சமானதைக் கடைக்கே திருப்பிவிடுவார்கள். கணக்குப்பிள்ளை அவற்றைத் தனி நோட்டில் எழுதி, மாதக் கடைசியில் ஆடிட்டர் அலுவலகத்துக்குக் கொடுத்தனுப்பி வந்தார். 2025 ஆகஸ்ட் கடைசியில் மாமா தொலைபேசியில் அழைத்தார். “மாப்பிள, ரிட்டன் எடுக்கதுக்கு ஒரு பட்டன் வச்சிரு. ஒரு பட்டன்தான, சனி ஞாயிறு ஒக்காந்தா முடிஞ்சிரும்லா?” என்றார். முடிந்துவிடும் என்று நானும் சொன்னேன்.

அந்தப் பட்டன் நவம்பர் நடுவில்தான் கடைக் கணினியில் முழுமையாக வேலை செய்யத் தொடங்கியது. பகலில் அலுவலக வேலை, இரவில் இந்த வேலை என்று ஏறத்தாழ பதினோரு வாரங்கள். பதினாறு ஆண்டுகளாக இதே தொழிலில் இருக்கிற நான், ஒரு பட்டனுக்கு இரண்டு நாள் போதும் என்று எப்படிச் சொன்னேன் என்பதை அந்த வாரங்களில் பலமுறை எண்ணிப் பார்த்தேன். மாமாவின் மீது எனக்கு வருத்தம் இல்லை. அவர் சொன்ன ‘தான’ என்ற சொல்லின் மீதுதான் என் கவனம் நின்றது. அலுவலகத்திலும் வாரம் தவறாமல் அதைக் கேட்கிறேன்: இன்னொரு கட்டம் சேர்ப்பதுதானே, மற்றவர்களின் செயலியில் இருப்பது போலத்தானே, ஏற்கெனவே எழுதியதைக் கொஞ்சம் மாற்றுவதுதானே. கேட்பவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே அது சிறியதாகத் தெரிகிறது. ஏன் அப்படித் தெரிகிறது என்பதை இந்த முறை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

முதல் சனிக்கிழமை காலையில் கடைக்குப் போய்க் கணக்குப்பிள்ளையின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கடையில் இருப்பவர். மாமாவே அவரை அண்ணாச்சி என்றுதான் அழைப்பார். அவருடைய ரிட்டன் நோட்டில் கையால் கோடு போட்ட ஐந்து கட்டங்கள் இருந்தன. தேதி, பெயர், சரக்கு, தொகை ஆகிய நான்குக்கும் தலைப்பு உண்டு. ஐந்தாவது கட்டத்துக்குத் தலைப்பு இல்லை. அதில் ‘மே’, ‘பா.க.’, ‘ஈ’, ‘பா.வி.’ என்று சிறு குறிப்புகள். சில வரிகளில் வெறும் ஒரு சுழி. நான் முதல் நான்கு கட்டங்களை மட்டும் மனத்தில் வைத்துத்தான் மாமாவிடம் இரண்டு நாள் என்று சொல்லியிருந்தேன். பதினோரு வாரமும் அந்த ஐந்தாவது கட்டத்துக்குள்தான் இருந்தது.

‘மே’ என்றால் மேஸ்திரி கொண்டுவந்தது. ‘பா.க.’ என்றால் பாக்கியில் கழித்தது. ‘ஈ’ என்றால் ஈரம் பட்டது. ‘பா.வி.’ என்றால் பாதி விலைக்கு எடுத்தது. சுழி போட்டிருந்தால், பில் கொண்டுவரவில்லை, ஆனால் தெரிந்த ஆள் என்று பொருள். எந்த நேரத்தில் எதைப் போடுவீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். “அது ஆளப் பொறுத்து” என்றார். பிறகு, “சரக்கையும் பொறுத்து” என்றார். சற்று யோசித்துவிட்டு, “தேதியயும் பாக்கணும்” என்றார். அந்த மூன்று பதில்களும் சரியானவை. அவற்றைக் கணினிக்குப் புரியும் விதிகளாக மாற்றுவதுதான் என் வேலை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பில் இல்லாமல் ஒருவர் பத்து மூட்டை கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் அந்தக் கடையில் மூன்று முறை சிமெண்ட் வாங்கியிருக்கிறார், மூன்று முறையும் மூன்று விலை. எந்த விலைக்குத் திருப்பி எடுப்பது? அண்ணாச்சி மூட்டையைப் புரட்டி, அதில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் பார்க்கிறார். அதை வைத்து எந்த லோடில் வந்த சரக்கு என்று கண்டுபிடிக்கிறார். அந்த லோடு வந்த பிறகு இவர் எப்போது வாங்கினார் என்று நினைவிலிருந்து எடுக்கிறார். மூட்டைக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால், சிமெண்ட் பலம் குறைந்திருக்கும் என்பதால் வாங்குவதில்லை. ஓரத்தில் அழுத்திப் பார்த்துக் கட்டி தட்டியிருந்தாலும் வாங்குவதில்லை. வாங்கிய மூட்டை மீண்டும் விற்பனைக்குப் போகுமா, தரைப்பூச்சு வேலைக்குக் குறைந்த விலையில் போகுமா என்பதையும் அந்த இடத்திலேயே முடிவு செய்துவிடுகிறார். இவ்வளவும் நடந்து முடிய அரை நிமிடம்கூட ஆவதில்லை. இதில் தாம் ஏதோ யோசித்து முடிவெடுத்ததாக அவரே நினைக்கவில்லை. மூட்டையைப் பார்த்தேன், எடுத்துக்கொண்டேன் என்றுதான் சொல்கிறார்.

வரிச் சட்டத்தின் கதை தனி. ஜிஎஸ்டி விதிப்படி பில் எண்கள் விடுபடாமல் வரிசையாக இருக்க வேண்டும். ஒரு நிதியாண்டுக்குள் ஓர் எண் ஒரு முறைதான் வரலாம். 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. ஆகவே சரக்கு திரும்பி வந்தது என்பதற்காகப் பழைய பில்லை அழித்துவிட்டு வேறு பில் போட முடியாது. அந்தப் பில்லைச் சுட்டிக்காட்டி, தனக்கென்று தனி எண் வரிசையுள்ள கிரெடிட் நோட் ஒன்றை, அதாவது பில் தொகையைக் குறைத்துக் காட்டும் சீட்டைப் போட வேண்டும். அதைக் கணக்கில் காட்டுவதற்கும் கெடு உண்டு. விற்பனை நடந்த நிதியாண்டு முடிந்து அடுத்து வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் நாள், இவற்றில் எது முந்தியதோ அதற்குள் காட்டிவிட வேண்டும். பில் முழுவதற்கும் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய் தள்ளுபடி கொடுத்திருந்தால், திரும்பி வந்த பன்னிரண்டு மூட்டைக்கு அந்தத் தள்ளுபடியில் பங்கு எவ்வளவு? சரக்கின் மதிப்புக்கு ஏற்பப் பிரித்தால் பைசாக்கள் மிஞ்சும். மிஞ்சிய பைசாவை எந்தச் சரக்கின் கணக்கில் சேர்ப்பது? ஏற்றுகூலியைத் திருப்பித் தருவதா? பாதியை ரொக்கமாகவும் பாதியை யுபிஐ மூலமாகவும் கொடுத்தவருக்கு எதில் திருப்புவது? நோட்டில் ஒரே வரியாக இருந்த ஒன்று, என் மேசையில் நாற்பதுக்கும் மேற்பட்ட கேள்விகளாக விரிந்தது.

மென்பொருள் எளிது என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு எனக்குக் கிடைத்த விடை இதுதான். நீண்ட காலம் ஒரு வேலையைச் செய்து பழகிய மனிதர், அதன் கடினம் முழுவதையும் தமக்குள் வாங்கிக்கொண்டுவிடுகிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது எளிதாகத் தெரிகிறது. செய்பவருக்கும் எளிதாகத்தான் தெரிகிறது. அதைச் சொல்லிக் காட்டு என்று ஒருவர் கேட்கும் வரையில் அந்தக் கடினம் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. கணினியோ சொன்னால்தான் செய்யும். சொல்லாமல் விட்டதைச் செய்யாது; அல்லது, அதைவிட ஆபத்தாக, தானாக ஏதோ ஒன்றைச் செய்துவிடும்.

இது படிக்காதவர்கள் செய்யும் தவறு அல்ல. கணினித் துறையின் முன்னோடிகளே இதில் சிக்கியிருக்கிறார்கள். 1966 ஜூலையில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் சீமோர் பேப்பர்ட் ஒரு திட்டக் குறிப்பை எழுதினார். அந்தக் கோடைகாலத்தில் வேலைக்கு வரும் மாணவர்களைக் கொண்டு, கணினிக்குக் கண் பார்வை தருவதற்கான அமைப்பில் குறிப்பிடத்தக்க ஒரு பகுதியைக் கட்டி முடித்துவிடலாம் என்பது அதன் சாரம். பந்து, செங்கல், உருளை போன்ற எளிய பொருள்களில் தொடங்கி, ஆகஸ்டில் எழுத்தும் வண்ணப் பட்டையும் உள்ள சிகரெட் பெட்டி போன்றவற்றுக்குப் போய், பிறகு கருவிகள், கோப்பைகள் என்று விரிப்பதாகத் திட்டம். பேப்பர்ட் சாதாரண ஆள் அல்லர். செயற்கை நுண்ணறிவுத் துறையை உருவாக்கியவர்களில் ஒருவர். அந்தக் கோடைகாலத்தில் அவர் முடிக்க நினைத்த வேலை அடுத்த நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்குப் பல தலைமுறை ஆராய்ச்சியாளர்களின் வாழ்நாள் வேலையாக ஆனது. படத்தில் இருப்பது என்ன பொருள் என்று கண்டறிவதில் கணினிகள் பெரும் பாய்ச்சலைக் கண்டது 2012க்குப் பிறகுதான்.

மேசையின் மேல் ஒரு தம்ளர் இருந்தால் அது தம்ளர் என்று இரண்டு வயதுக் குழந்தைக்குத் தெரிகிறது. நிழல் விழுந்தாலும், பாதி மறைந்திருந்தாலும், கவிழ்த்து வைத்திருந்தாலும் தெரிகிறது. நமக்கு முயற்சியே இல்லாமல் நடப்பதால், அங்கே ஒரு வேலை நடக்கிறது என்பதே நம் கண்ணில் படுவதில்லை. எம்ஐடி அறிஞருக்கும் கோவில்பட்டிக் கணக்குப்பிள்ளைக்கும் இந்த இடத்தில் வேறுபாடு இல்லை என்பது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, கவலையாகவும் இருந்தது. அறிவு கூடினால் இந்தத் தவறு தானாகக் குறைந்துவிடும் என்று நம்ப வழியில்லை அல்லவா?

கால மதிப்பீட்டைப் பற்றி ஓர் ஆய்வு உண்டு. கனடாவில் உளவியல் படித்த இறுதியாண்டு மாணவர்களிடம் அவர்களுடைய ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பார்கள் என்று கேட்டார்கள். முடிவுகள் 1994இல் வெளியாயின. சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள். எல்லாமே எவ்வளவு மோசமாகப் போக முடியுமோ அவ்வளவு மோசமாகப் போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு 49 நாள் வரை ஆகலாம் என்றார்கள். உண்மையில் சராசரியாக 55 நாளுக்கு மேல் ஆனது. மோசமான நிலையை எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்கைக்கூட உண்மை தாண்டிவிட்டது என்பதைத்தான் நான் கவனித்தேன். நமக்குத் தெரிந்த தடைகளை மட்டும்தான் நாம் கூட்டிப் பார்க்கிறோம். என்னிடம் மாமா கேட்ட அன்று, கரண்ட் போவது, இணையம் விட்டுப்போவது, அச்சுப்பொறி மக்கர் செய்வது ஆகியவற்றுக்கெல்லாம் சேர்த்துத்தான் இரண்டு நாள் சொன்னேன். மூட்டையின் மேல் இருக்கும் வார எண்ணைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது. தெரியாததற்கு எப்படி நாள் ஒதுக்குவது?

சொந்தக் கடை என்றால் பதினோரு வாரம் ஆனாலும் மாமா பொறுத்துக்கொள்வார். அலுவலகங்களில் நிலைமை அப்படி இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில், ஒரு வாடிக்கையாளர் தம் செயலியில் பயனர்கள் தங்கள் கைபேசி எண்ணை மாற்றிக்கொள்ளும் வசதி வேண்டும் என்று கேட்டார். எங்கள் மேலாளர் மூன்று நாளில் தருவதாகக் கூட்டத்திலேயே ஒப்புக்கொண்டுவிட்டார். பழைய எண்ணுக்குப் பதிலாகப் புதிய எண்ணை எழுதுவதுதானே என்பது அவருடைய கணக்கு. ஆனால் அந்தச் செயலியில் எண்தான் பயனரின் அடையாளமே. எண்ணை மாற்ற வேண்டியவர்களில் பெரும்பாலோர் பழைய சிம்மைத் தொலைத்தவர்கள். பழைய எண்ணுக்கு ஓடிபி அனுப்பிச் சரிபார்க்க முடியாது. இந்தியாவில் துண்டிக்கப்பட்ட எண் 90 நாளுக்குப் பிறகு வேறு ஒருவருக்குக் கொடுக்கப்படலாம். அந்தப் புதிய ஆள் செயலிக்குள் நுழைந்தால் முன்னவரின் முகவரியும் பணப் பரிமாற்றங்களும் அவர் கண்ணில் படும். இதையெல்லாம் எங்கள் குழுவிலேயே வயதில் சிறிய பெண் ஒருவர்தான் முதல் நாளே சொன்னார். சாக்குச் சொல்லாதே என்று பதில் வந்தது. மூன்று நாள் மூன்று வாரமானது. ஒவ்வொரு மாலையும் ஏன் இன்னும் முடியவில்லை என்று அவரைத்தான் நிற்க வைத்துக் கேட்டார்கள். இரண்டு இரவுகள் அவர் வீட்டுக்கே போகவில்லை. சில மாதங்களில் வேலையை விட்டார். இப்போது அவர் இந்தத் தொழிலில் இல்லை. அவருக்காக நான் அப்போது வாய் திறக்கவில்லை என்பது இன்றும் என்னை வருத்துகிறது.

அந்த மூன்று வாரங்களுக்கு இடையில் எங்களுக்கு உதவுவதற்கென்று இன்னும் நான்கு பேரைச் சேர்த்தார்கள். ஐபிஎம் நிறுவனத்தில் ஓஎஸ்/360 இயங்குதளத்தைக் கட்டும் வேலையைத் தலைமையேற்று நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று 1975லேயே எழுதியிருக்கிறார். நாற்று நடுவதற்கு நான்கு பேருக்குப் பதில் எட்டுப் பேர் இறங்கினால் வேலை பாதி நேரத்தில் முடியும், ஏனென்றால் ஒருவர் நடுவதை மற்றவருக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் வேலையில் ஒவ்வொருவரும் மற்றவர் என்ன செய்கிறார் என்று தெரிந்துகொண்டே ஆக வேண்டும். நான்கு பேருக்கு இடையில் ஆறு பேச்சுத் தொடர்புகள் என்றால், எட்டுப் பேருக்கு இடையில் இருபத்தெட்டு. புதிதாக வந்த நால்வருக்கு விளக்கிச் சொல்லும் பொறுப்பும் அந்தப் பெண்ணின் தலையில்தான் விழுந்தது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை எடுத்துப் போடுவதுதானே என்ற பேச்சும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியேன் 5 ராக்கெட், பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து முதல் முறையாகப் புறப்பட்டது. ஏரியேன் 4இல் பல ஆண்டுகள் பிழையின்றி ஓடிய வழிகாட்டு மென்பொருளின் ஒரு பகுதியை அதில் அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஓர் எண்ணை, 64 பிட் அளவிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடம் ஒன்று அதில் இருந்தது. அந்தச் சிறிய கூட்டுக்குள் 32,767க்கு மேற்பட்ட எண் அடங்காது. பழைய ராக்கெட்டின் பாதையில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வளர்ந்ததே இல்லை. புதிய ராக்கெட் வேகமாகச் சென்றது, எண் வழிந்தது. இன்ஜின் மூட்டிய சுமார் 37 விநாடியில் வழிகாட்டும் கணினிகள் செயலிழந்தன. ராக்கெட் திசை மாறிச் சிதறியது, அதில் இருந்த நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் அழிந்தன. கணக்கிட்டுக்கொண்டிருந்த அந்தப் பகுதிக்கு, ஏரியேன் 5இல் தரையை விட்டு எழும்பிய பிறகு வேலையே கிடையாது என்பதுதான் நெஞ்சை அறுக்கும் செய்தி. அது பழைய இடத்தில் சரியாக ஓடியது என்றால், பழைய இடத்தின் கட்டுப்பாடுகளுக்குள் சரியாக ஓடியது என்றுதான் பொருள். அந்தக் கட்டுப்பாடுகளை யாரும் எழுதி வைத்து ஒட்டியிருக்கவில்லை.

இப்போது கேட்கப்படும் ‘தானே’ வேறு வடிவம் எடுத்திருக்கிறது: ஏஐதான் எழுதிக் கொடுத்துவிடுகிறதே. 2025 பிப்ரவரியில் ஏஐ ஆராய்ச்சியாளர் ஆந்த்ரே கார்ப்பதி ‘வைப் கோடிங்’ என்ற பெயரைச் சூட்டியதிலிருந்து, நினைத்ததைச் சொன்னால் மென்பொருள் வந்துவிடும் என்ற நம்பிக்கை நாலா பக்கமும் பரவியிருக்கிறது. அந்தக் கருவிகளை நான் நாள்தோறும் பயன்படுத்துகிறேன். அவற்றின் திறமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ரிட்டன் திரையையே ஏஐயைக் கொண்டுதான் முதலில் எழுதினேன். அண்ணாச்சியோடு உட்கார்ந்துவிட்டு வந்த அதே சனிக்கிழமை இரவில், பில் எண்ணைத் தேடும் கட்டம், மூட்டை எண்ணிக்கையைக் குறைக்கும் கட்டம், கிரெடிட் நோட் அச்சிடும் பட்டன் எல்லாம் அழகாக வந்துவிட்டன. நானே கையால் எழுதியிருந்தால் இரண்டு வாரம் ஆகியிருக்கும். மாமாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். “நாஞ் சொல்லல?” என்று பதில் வந்தது. பார்ப்பதற்கு முடிந்துவிட்ட வேலையாகவே அது இருந்தது. கேள்விகளைத் தீர்க்கும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. சிமெண்டுக்கு 28 சதவீதமாக இருந்த வரி 18 ஆகக் குறைந்தது. கடையில் சரக்குப் பட்டியலில் விகிதத்தை மாற்றினோம். புதிய பில்கள் சரியாக வந்தன. அக்டோபரில் ஒரு மேஸ்திரி பன்னிரண்டு மூட்டைகளைக் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு வந்தார். செப்டம்பர் 15 அன்று வாங்கியது, பில்லும் இருந்தது. சோதனைக்காகப் புதிய திரையில் பதியச் சொன்னேன். பில் எண்ணைப் போட்டதும் வாங்கியவரின் பெயர் வந்தது, சரக்கு வந்தது, திருப்பித் தர வேண்டிய தொகை 4,248 ரூபாய் என்று வந்தது. அண்ணாச்சி கண்ணாடியைச் சற்று மேலே தள்ளிக்கொண்டு திரையைப் பார்த்தார். “இது கொறயுதே” என்றார். கால்குலேட்டரைக்கூட அவர் தொடவில்லை.

வரி சேராமல் மூட்டை 300 ரூபாய். வாங்கிய அன்று 28 சதவீதம் சேர்த்து 384 கொடுத்திருக்கிறார். பன்னிரண்டு மூட்டைக்கு 4,608. கிரெடிட் நோட் பழைய பில்லைத் திருத்துவது. ஆகவே பழைய பில்லில் இருந்த விகிதம்தான் அதில் வர வேண்டும். என் நிரலோ விலையைப் பழைய பில்லிலிருந்து எடுத்துவிட்டு, வரி விகிதத்தை மட்டும் இன்றைய சரக்குப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொண்டது. வீடு கட்டுகிறவருக்கு 360 ரூபாய் நட்டம். வரிக் கணக்கிலும் பிழை. ஏஐ எழுதிய அந்த நிரல் வரியை நான் படித்துப் பார்த்துத்தான் ஏற்றுக்கொண்டிருந்தேன். விகிதம் மாறாத நாள்களில் அதில் குற்றம் காண்பதற்கு எதுவுமே இல்லை. விகிதத்தை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வியை நானும் கேட்கவில்லை, கருவியும் கேட்கவில்லை; இரண்டு பேருக்கும் அது ஒரு கேள்வியாகத் தோன்றவே இல்லை. முப்பது ஆண்டுகளில் விற்பனை வரி, வாட், ஜிஎஸ்டி என்று மூன்று வரிமுறைகளைக் கடந்து வந்த ஒருவருக்குத்தான் அது பார்த்தவுடன் தோன்றியது.

எழுதும் வேகம் கூடியிருக்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் எழுதுவது எப்போதுமே இந்த வேலையின் சிறிய பங்காகத்தான் இருந்தது. எதை எழுத வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கு அந்த மேஸ்திரி வண்டியோடு வந்து நிற்க வேண்டியிருந்தது. அண்ணாச்சி திரையைப் பார்க்க வேண்டியிருந்தது. அரசு ஒரு விகிதத்தை மாற்ற வேண்டியிருந்தது. இவற்றை எந்தக் கருவியாலும் சனி ஞாயிறுக்குள் வரவழைக்க முடியாது. திரை இரண்டு வாரத்துக்குப் பதில் ஓர் இரவில் வந்துவிட்டதால், மீதி வேலையும் அதே விகிதத்தில் சுருங்கிவிடும் என்று மாமா நினைத்தார். நானும் சில நாள்கள் நினைத்தேன். இந்த நம்பிக்கையை வைத்து அலுவலகங்களில் இப்போது குழுக்களின் அளவையும் கெடு நாள்களையும் முடிவு செய்கிறார்கள் என்பதைப் பார்க்கும்போது, அந்தப் பெண்ணைப் போல இன்னும் எத்தனை பேர் மாலைதோறும் நிற்க வைக்கப்படுவார்களோ என்ற அச்சம் எனக்கு வருகிறது.

நான் இப்போது என் வேலையில் ஒன்றை மாற்றிக்கொண்டிருக்கிறேன். யாராவது ஒரு வசதியைக் கேட்டால், எத்தனை நாள் ஆகும் என்று உடனே சொல்வதில்லை. இன்று அந்த வேலையைக் கையால் செய்துகொண்டிருப்பவர் யார், அவர் பக்கத்தில் நான் ஒரு நாள் உட்காரலாமா என்று கேட்கிறேன். கடைசியாக மூன்று முறை அந்த வேலை எப்போது தகராறில் முடிந்தது என்றும் அவரிடம் கேட்கிறேன். சில மேலாளர்களுக்கு இது பிடிப்பதில்லை. ஓர் எண்ணைச் சொல், போதும் என்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்து சொல்லும் எண்ணும் தவறத்தான் செய்கிறது. ஆனால் ஐந்தாவது கட்டம் ஒன்று இருக்கிறது என்பதையாவது தெரிந்துகொண்டு சொல்லும் எண் அது.

நவம்பரில் எல்லாம் முடிந்தபோது, அண்ணாச்சியின் குறிப்புகளில் ‘பா.க.’, ‘ஈ’, ‘பா.வி.’, சுழி ஆகிய நான்கையும் விதிகளாக எழுதி முடித்திருந்தேன். ‘மே’ மட்டும் முடியவில்லை. மேஸ்திரி கொண்டுவரும் சரக்குக்கான பணம் அவருடையதா, வீட்டுக்காரருடையதா என்பதைப் பில்லில் இருக்கும் பெயரை வைத்துச் சொல்லிவிட முடியாது. சில வீடுகளுக்கு மேஸ்திரியே பொருள் எடுத்துக் கட்டுகிறார். சில வீடுகளுக்கு வீட்டுக்காரர் பணம் தருகிறார், பெயர் மட்டும் மேஸ்திரியுடையது. சிலருடைய வீட்டில் மிச்சமான சிமெண்ட் மேஸ்திரிக்கு என்று முன்பே பேசி வைத்திருப்பார்கள். இதற்கு என்னென்னவோ விதிகள் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் யாரோ ஒருவரைத் திருடனாகவோ ஏமாளியாகவோ ஆக்கியது. கடைசியில் அந்த விதிகளை எல்லாம் நீக்கிவிட்டேன். இப்போது திரையின் அடியில் ‘பணம் யாரிடம்’ என்று ஒரு வெற்றுக் கட்டம் இருக்கிறது. அதை நிரப்பாமல் கிரெடிட் நோட் அச்சாகாது. மேஸ்திரி வண்டியை விட்டு இறங்கும்போதே அண்ணாச்சி தொலைபேசியை எடுத்து வீட்டுக்காரரை அழைக்கிறார். பேசி முடித்துவிட்டு அந்தக் கட்டத்தில் ஒரு பெயரைத் தட்டுகிறார்.